உறவினர் எவரும் இல்லை

ஜனவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மாமாவின் முழங்கால் மட்டும் நன்றாக இல்லை, அது எப்போதுதான் நன்றாக இருந்தது?

உன் கடிதம் வந்தது. மூன்று பக்கம்! இந்த ஐந்து வருஷத்தில் நீ எழுதிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் மூன்று பக்கம் தேறாது. மாமா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உன் தம்பிதான் எழுதினானா, இல்ல ஆள் வச்சு எழுதினானா?” என்று கேட்டார். நீ “போன் பண்ணுக்கா” என்பாய். நாள் முழுக்க ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சில் காதில் போனோடு உட்கார்ந்திருப்பவளுக்கு வீட்டுக்கு வந்தால் அதைத் தொடவே பிடிக்காது. எனக்குக் காகிதம்தான் சரி.

எங்கள் ஆஸ்பத்திரியில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷம் கேட்காதவன் கேட்கிறாய், கேட்டதற்காகவே சொல்கிறேன். ஒன்றேகாலிலிருந்து இரண்டு வரை எனக்குச் சாப்பாட்டு நேரம். அப்போது என் இடத்தில் ஒரு தற்காலிகப் பெண் உட்காருவாள். யார் எந்த நம்பர் கேட்டாலும் பேரைக்கூடக் கேட்காமல் இணைத்துவிடுவாள், பாவம். நான் சாப்பிடுவது அட்மிஷன் கவுண்ட்டர்ப் பெண்ணோடு. அவளை எல்லோரும் மெழுகு என்றுதான் கூப்பிடுவோம். யார் வந்து அழுதாலும் உருகிவிடுவாள். அவள் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். ஊழியர் குடும்பம் என்பதால் எங்களிடமே பார்க்கிறார்கள். அந்த நாட்களில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி அவரைப் பார்த்துவிட்டு, ஒன்றேமுக்காலுக்கே கவுண்ட்டருக்குத் திரும்பிவிடுவாள். இப்போது மாதா மாதம் பாஸ்வேர்ட் மாற்றச் சொல்கிறார்கள். அவள் கணவருக்கு முதலில் டயாலிசிஸ் செய்த தேதியை வைத்திருக்கிறாள், கடைசியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்வாள். “மறக்கணும்னு நெனச்சாலும் மறக்காதுக்கா” என்கிறாள்.

உன் வேலையைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே? உன் மனைவிக்கு என் அன்பு. எப்போது வருகிறீர்கள்?

உன் அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

வாலுவின் வணக்கம். மாமாவின் முழங்காலுக்கும் சேர்த்து ஒரு வணக்கம்.

என் வேலையைக் கேட்டாய். சொன்னால் சிரிப்பாய். சின்ன வயதில் என்னை எதற்கெல்லாம் அடித்தாயோ அதற்கெல்லாம் இப்போது சம்பளம் தருகிறார்கள். ஒரு நிறுவனம் எங்களைக் கூப்பிட்டு, “எங்க கம்ப்யூட்டருக்குள்ள நுழைஞ்சு காட்டுங்க” என்று எழுதிக் கொடுக்கும். நிஜத் திருடர்கள் எப்படி வருகிறார்கள் என்பதை நாங்கள் வருஷக்கணக்கில் படித்து வைத்திருக்கிறோம். யாரிடம் முதலில் பேசுவார்கள், எந்த நேரத்தில் பேசுவார்கள், உள்ளே வந்ததும் எதைத் தேடுவார்கள், எதை முதலில் அழிப்பார்கள் என்று ஒவ்வொரு படியும். அதே வழியில் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு, எந்தக் கதவு திறந்திருந்தது, அதை எப்படி அடைப்பது என்று அறிக்கை கொடுப்போம். பூட்டு செய்பவனுக்குப் பூட்டைத்தான் தெரியும், வீட்டைத் திருடனுக்குத்தான் தெரியும். அதனால் திருடனாக ஒரு மாதம் வாழ வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. முதல் தடவையாக நானே தலைமை. எங்கே என்று யாருக்கும் சொல்லக் கூடாது, உனக்கும்தான். முடிந்ததும் ஒரு வாரம் அங்கே வந்து உன் கையால் சாப்பிட்டுத் தூங்கப்போகிறேன். இவள் உன்னை விசாரித்தாள்.

உன் வாலு

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

நேற்று பகல் மூன்று மணிக்கு எங்கள் எல்லோரையும் மீட்டிங் ஹாலுக்கு வரச் சொன்னார்கள். அறுபது பேர் இருப்போம். நிர்வாக அதிகாரி எழுந்து, “நம்ம கம்ப்யூட்டருக்குள்ள யாராவது நுழைய முடியுமான்னு பாக்க வெளியிலேர்ந்து ஒரு கம்பெனிய வச்சோம். மூணே நாள்ல உள்ள வந்துட்டாங்க. எப்படி வந்தாங்கன்னு நீங்களே கேளுங்க” என்றார். ஸ்பீக்கரில் ஒரு போன் பேச்சைப் போட்டார்கள்.

முதலில் மெழுகின் குரல். “அட்மிஷன் கவுண்ட்டர், சொல்லுங்க.” மூன்றாவது வரிசையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் ஓர் ஆண் குரல். “மேடம், நான் கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல புதுசா சேர்ந்திருக்கேன். உங்க மெஷின் மட்டும் பாக்கி. ரெண்டு மணிக்குள்ள முடிக்கலன்னா என்னை வேலையவிட்டு அனுப்பிடுவாங்க. என் சம்சாரத்த டயாலிசிஸ்லேர்ந்து கூட்டிட்டு வரணும் மேடம், அங்க தனியா உக்காந்திருக்கா...” சொல்லும்போதே குரல் உடைகிறது.

அவள் என்ன செய்வாள்? “அழாதீங்க சார். வாரத்துக்கு எத்தன தடவ?” என்று கேட்கிறாள். மூன்று என்கிறது குரல். “எங்க வீட்டுக்காரருக்கும் மூணுதான் சார்.” அப்புறம் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்கிறாள். போனை வைப்பதற்கு முன்னால், “தண்ணி அளவாக் குடுங்க சார், கேட்டாலும் குடுக்காதீங்க” என்று புத்திமதி வேறு. ஹாலே சிரித்தது. மெழுகு மடியில் இருந்த கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து எதையும் எடுக்கவில்லை.

நான் சிரிக்கவில்லை. அந்தக் குரல் பேசக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான். மார்க் குறைந்தால் அம்மாவிடம் ஓர் அழுகை அழுவாயே, அதே இழுப்பு.

அவள் கணவருக்கு டயாலிசிஸ் என்று உனக்கு யார் சொன்னார்கள்? ஒன்றேகாலுக்கு மேல் நான் எக்ஸ்சேஞ்சில் இருக்க மாட்டேன் என்று யார் சொன்னார்கள்? அவள் உருகுவாள் என்று யார் சொன்னார்கள்? இன்று காலை உன் மனைவிக்குப் போன் செய்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “நல்லாத்தான் இருக்கேன் அண்ணி, ஏன் கேக்கறீங்க?” என்றாள். சும்மாதான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரே கேள்வி. ஜனவரியில் மூன்று பக்கம் எழுதினாயே, அப்போதே இந்த வேலை உன் கைக்கு வந்துவிட்டதா?

அக்கா

*

ஏப்ரல் 17

அன்புள்ள அக்கா,

பத்து தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம். வந்துவிட்டது.

ஆனால் இதையும் கேள். நிஜத் திருடன் என்னைவிட நன்றாக அழுவான். அவனுக்கு உன் கடிதம் தேவையில்லை. இணையத்தில் அவள் கணவரோடு ஆஸ்பத்திரி வாசலில் எடுத்துப் போட்ட படமே போதும். போன வருஷம் இரண்டு ஆஸ்பத்திரிகளை இதே மாதிரி ஒரு போனில் மடக்கினார்கள். அவர்கள் பேசிய பேச்சைத்தான் நான் பேசினேன். ஒரு தடவை நாங்கள் ஏமாற்றிக் காட்டினால், அடுத்த தடவை அவன் வரும்போது நீங்கள் உஷாராக இருப்பீர்கள் என்றுதான்.

என் அறிக்கை நாற்பத்திரண்டு பக்கம். அதில் அவள் பேர் இல்லை. “இது தனி ஊழியரின் தவறல்ல, நடைமுறையின் ஓட்டை” என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். யார் பாஸ்வேர்ட் கேட்டாலும் போனை வைத்துவிட்டு உள் நம்பருக்குத் திரும்ப அழைக்க வேண்டும், பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளமும் கேட்க வேண்டும், கவுண்ட்டர் மெஷினிலிருந்து லேபுக்கும் மருந்துக் கிடங்குக்கும் நேராகப் போக வழி இருக்கக் கூடாது, நோயாளிகளின் பதிவுகளுக்கு ஒரு நகலை நெட்வொர்க்கோடு சேராமல் தனியாக வைக்க வேண்டும். இதெல்லாம்தான் நான் சொன்னது. அந்தப் பேச்சின் பதிவை ஆதாரமாகத்தான் சேர்த்தேன். ஊரைக் கூட்டிப் போடுவார்கள் என்று நினைக்கவில்லை.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். வேலை தொடங்கும் முன் எங்கள் கம்பெனியில் ஒரு படிவம் உண்டு. “அந்த நிறுவனத்தில் உங்களுக்கு உறவினர் உண்டா?” என்று கேட்பார்கள். உண்டு என்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். “உறவினர் எவரும் இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து வருஷமாக அடுத்தவன் கீழேயே இருந்துவிட்டேன் அக்கா. இது போனால் இன்னொன்று வராது என்று பயந்தேன்.

உன்னை ஏமாற்ற வேண்டும் என்று எழுதவில்லை. எழுத ஆரம்பித்ததும் கை தானாகக் கேட்டுவிட்டது.

தம்பி

*

மே 20

தம்பிக்கு,

மெழுகை அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்த ஊழியர்தானே, காரணம்கூட எழுதத் தேவையில்லை. பதினான்கு வருஷம் உட்கார்ந்த நாற்காலி. அரை மணியில் மேசையைக் காலி செய்யச் சொல்லி, வாசல்வரை காவலாளியை உடன் அனுப்பினார்கள். வேலை போனதோடு கணவரின் சிகிச்சையும் போனது. இப்போது இரண்டு பஸ் மாறி வேறோர் இடத்துக்குக் கூட்டிப்போகிறாள்.

உன் நாற்பத்திரண்டு பக்கத்தில் இவர்கள் படித்தது முதல் பக்கம். செய்தது இரண்டே காரியம். அவளை அனுப்பினார்கள், “ஏமாறாதே” என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள். தனியாக ஒரு நகல் எடுத்து வைக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் செக்‌ஷன் பையன் மட்டும் யாரும் கேட்காமலே செய்துகொண்டிருக்கிறான். மற்றதெல்லாம் “அப்புறம் பாக்கலாம்”.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. “உங்கிட்ட பேசினது என் தம்பி. உன்னப் பத்தி அவன்கிட்ட சொன்னது நான்” என்றேன். “அவரு அழுதாரேக்கா, அதுவுமா பொய்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய் டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

உறவினர் எவரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாயாமே. மாமாவிடம் அந்த வரியை மட்டும் நான் படித்துக் காட்டவில்லை.

அக்கா

*

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

உங்கள் நிர்வாக அதிகாரிக்கு எழுதினேன். தனி ஆளைத் தண்டித்தால் இந்த வேலைக்கே அர்த்தம் இல்லை என்று எழுதினேன். பதில் இல்லை. என் மேலதிகாரி கூப்பிட்டு, “அறிக்கை குடுத்தாச்சு, நம்ம வேலை அதோட முடிஞ்சுது. அவங்க யார அனுப்பினா உனக்கென்ன?” என்றார்.

உன்னிடம் இனி எதையும் மறைக்கப் போவதில்லை. அந்த வேலைக்காக எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்தப் பேச்சைத்தான் பாடமாகப் போடுகிறார்கள். நான் அழும் இடத்தில் கை தட்டுகிறார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

படிவத்தில் பொய் எழுதியதை ஏன் சொல்லிவிடக் கூடாது என்று நீ கேட்பாய். சொன்னால் வேலை போகும். இந்தத் தொழிலில் கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னவன் என்று ஒரு தடவை பேர் வந்தால் வேறு எங்கேயும் உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் இவளுக்குக்கூடத் தெரியாது.

ஒரு வரியாவது எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி

*

செப்டம்பர் 4

அக்கா,

செய்தியில் பார்த்தேன். உங்கள் ஆஸ்பத்திரிதானே? எக்ஸ்சேஞ்ச் நம்பர் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. உன் போனும் மாமா போனும் எடுக்கவில்லை. நலமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்.

தம்பி

*

அக்டோபர் 3

தம்பிக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். எழுத நேரமில்லை.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி காலை எட்டரைக்கு லேபில் எழுத்தராக இருக்கும் ஒருவருக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. மருந்துக் கம்பெனி பில் மாதிரி. திறந்துவிட்டார். திறந்ததும் திரை ஒரு தடவை கறுத்து மறுபடி வந்திருக்கிறது. தப்பு நடந்துவிட்டது என்று அவருக்கு அப்போதே தெரியும். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டரை மணிவரை, நான்கு மணி நேரம், கழிப்பறைக்குப் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறார். அதற்குள் லேப், மருந்துக் கிடங்கு, அட்மிஷன் எல்லாம் பூட்டிக்கொண்டது. திறக்க வேண்டுமானால் பணம் என்று ஒவ்வொரு திரையிலும் எழுத்து.

அப்புறம் விசாரித்தபோது அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “உடனே சொல்லிருக்கணும் சார். அந்தம்மாவ அனுப்பின மாதிரி என்னையும் அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேன்.”

பதினோரு நாள் ஆஸ்பத்திரி என் போனிலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் ஓடியது. எந்த வார்டில் யார், யாருக்கு எந்த ரத்தம், யாருக்கு எப்போது மருந்து, எல்லாம் வாய்வார்த்தை. ரத்தப் பரிசோதனை முடிவைக் காகிதத்தில் எழுதிப் படியேறிக் கொடுத்தோம். ஒரு பெரியவரின் ஆபரேஷனுக்குப் பழைய ஸ்கேன் கிடைக்காமல் தள்ளிப்போட்டார்கள். எட்டாம் நாள் இறந்துவிட்டார். ஆபரேஷன் நடந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டருக்கே தெரியவில்லை. அதற்கு முந்தின நாள்கூட அவர் மகள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, “கம்ப்யூட்டர் ரெடியாயிடுச்சா?” என்று கேட்டாள். ஆகவில்லை என்று நான்தான் சொன்னேன்.

நியாயமாக ஒன்று எழுத வேண்டும். தனியாக எடுத்து வைத்த அந்த நகலால்தான் பன்னிரண்டாம் நாள் எல்லாம் திரும்பி வந்தது. பணம் கொடுக்கவில்லை. அது நீ சொன்ன வழி. மற்றதையும் செய்திருந்தால் லேபோடு நின்றிருக்கும் என்கிறான் அந்தப் பையன். இப்போதுதான் நாற்பத்திரண்டு பக்கத்தையும் படிக்கிறார்கள். நானும் படித்தேன். தூக்கம் வராத அளவுக்கு நன்றாக எழுதியிருக்கிறாய்.

இது மறுபடி நடக்காமல் பார்க்க ஒரு கமிட்டி வைத்து, அதில் என்னையும் போட்டிருக்கிறார்கள். நான் கேட்ட முதல் விதியை ஒப்புக்கொண்டுவிட்டார்கள்: தப்பு செய்தவர் தானாக முன்வந்து சொன்னால் தண்டனை கிடையாது, சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும். மெழுகைத் திரும்ப எடுங்கள் என்றும் கேட்டேன். “பரிசோதனை ஒழுங்கா நடந்துது, அதுல அவங்க தோத்துட்டாங்க. அத எப்படி மாத்தறது?” என்றார் நிர்வாக அதிகாரி.

அந்தப் பரிசோதனை ஒழுங்காக நடக்கவில்லை என்று எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும்.

பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. உன் கம்பெனியிலிருந்தும் ஓர் ஆள் வருகிறார். அன்று நான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் நீயே உன் மேலதிகாரியிடம் சொல்லிவிடு. இந்தக் கடிதம் மூன்று நான்கு நாளில் வந்துவிடும். அதற்கு மேல் உனக்கு ஒரு வாரம் இருக்கிறது. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். சத்தியமாக நிற்பேன்.

அக்கா

*

அக்டோபர் 27

தம்பி,

பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கூடினோம். உன் மேலதிகாரியே வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டு, “எங்க ஆளு ரொம்பத் திறமைசாலி” என்று உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே நீ சொல்லவில்லை என்று புரிந்துவிட்டது. இருந்தாலும் காத்திருந்தேன். அவருக்கு ஏதாவது போன் வருமா, ஏதாவது மெயில் வருமா என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு என் முறை வந்தது. எழுந்து, “அந்தப் போன்ல பேசினவர் என் தம்பி. எங்க கவுண்ட்டரப் பத்தி அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் நான் எழுதினது” என்றேன். ஜனவரியில் நீ எழுதிய மூன்று பக்கத்தையும், உறவினர் பற்றி எழுதிய அந்தப் பக்கத்தையும் மேசைமேல் வைத்தேன். உன் மேலதிகாரி கண்ணாடியைப் போட்டுப் படித்தார். உன் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மாலையில் நீ அனுப்பிய செய்தியை மாமா படித்துக் காட்டினார். “இப்ப சந்தோஷமா அக்கா?” அவ்வளவுதான். மாமா போனை அணைத்து மேசையில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இல்லை, சந்தோஷமில்லை. உனக்கு வேலை போனதை உன் மனைவி அழுதுகொண்டு சொன்னாள். நிஜமான அழுகை. கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்தப் பரிசோதனை செல்லாது என்று முடிவு செய்து மெழுகைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். போன திங்கட்கிழமை வந்துவிட்டாள். கணவரும் எங்களிடமே வருகிறார். அவள் என்னோடு சாப்பிடுவதில்லை. கவுண்ட்டருக்கு யார் அழுதுகொண்டு வந்தாலும் முகத்தைப் பார்க்காமல், “அடையாள அட்டையக் காட்டுங்க” என்கிறாள். நேற்று கையில் குழந்தையோடு ஒருத்தி நின்றாள். அவளுக்கும் அதேதான். சரியாகத்தான் செய்கிறாள், விதிப்படி. இனி அவளிடம் யாரும் எதையும் வாங்க முடியாது.

இங்கே வரப்போவதாகச் சொல்கிறாயாம், உன் மனைவி சொன்னாள். வேண்டாம். வாசலில் வந்து நின்றால் நான் கதவைத் திறந்துவிடுவேன். அது எனக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன், வராதே.

அக்கா